எனக்கு முன்னால் கிளம்பிய பெட்டி

என் பெட்டி அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது நான் வாசலில் நைட்டியோடு நின்று டாட்டா காட்டினேன்.

ஆனி மாதக் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை காலை. குரும்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் மாமாவின் குட்டி யானை வண்டி நின்றது. மாமா என்றால் அம்மாவின் தம்பி, பெரம்பலூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். வண்டியின் பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் என் நீலப் பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"பாத்துப் போ சாமி," என்றாள். பெட்டியைப் பார்த்துத்தான்.

"யக்கா, பொட்டி பெரம்பலூருக்குத்தான் போவுது. டவுன் பஸ்ஸுல இருவது நிமிசம்," என்றார் மாமா.

எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார். "என்னா, பாப்பா கெளம்பிருச்சா? சொல்லவேயில்ல?"

"பொட்டி கெளம்பிருச்சு. அவ பின்னால போவா," என்றாள் அம்மா.

அந்த அக்கா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். இரண்டில் பெட்டிதான் வெளிநாடு போகிற லட்சணத்தோடு இருந்தது. அதற்கே திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்.

ஆடிக்கு ஒரு மாற்றுவழி

போன வாரம் என் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, விசா சுலபமாகக் கிடைத்ததா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என் பெட்டிக்குச் சுலபமாகக் கிடைத்தது. எனக்குத்தான் இழுத்தடித்தது.

சிவில் முடித்துவிட்டு உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை போடுவதைப் பற்றி மேலே படிக்க அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. ஆகஸ்ட் பாதியில் வகுப்பு. விசா நேர்காணலுக்குத் தேதி கிடைத்ததோ ஜூலைக் கடைசியில். விசா வந்த கையோடு விமானம் ஏற வேண்டும். அதாவது, நான் கிளம்பினால் ஆடியில்தான் கிளம்ப முடியும்.

ஆடியில் எங்கள் வீட்டில் புதுப் பாய்கூட வாங்க மாட்டார்கள். பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பிவிடுவார்களா?

அம்மா அரியலூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே கடைவீதிக்குப் பின்னால் எங்கள் குடும்பத்துக்கு வழக்கமான ஜோசியர் ஒருவர் இருக்கிறார். பஞ்சாங்கத்தைப் பிரிப்பதற்கு முன் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். சிமென்ட் லாரி போகிற சாலை என்பதால் தூசி எழும்பும். கேட்டவர் தும்மி முடிப்பதற்குள் அவர் பதிலைக் கண்டுபிடித்துவிடுவார்.

"ஆடியில ஆளு கெளம்பக் கூடாது, வாஸ்தவம். ஆனா ஆனியில கெளம்புன ஆளு ஆடியில போய்ச் சேரலாம்ல?"

"அது எப்படிங்க?"

"பொட்டிய ஆனியில அனுப்பிடும்மா. வாசப்படிய தாண்டிருச்சுன்னா பயணம் ஆரம்பிச்ச மாதிரி. பொறவு ஆளு எப்ப வேணா பின்னால போவலாம்."

இது அவர் கண்டுபிடித்ததில்லை. முன்பெல்லாம் தூரப் பயணம் போகிறவர்கள், போகிற நாள் சரியில்லை என்றால் நல்ல நாளில் ஒரு துணிமூட்டையைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவார்கள். அப்புறம் அந்த வழியாகப் போகும்போது எடுத்துக்கொள்வார்கள். மூட்டை பெட்டியாக மாறிவிட்டது, அவ்வளவுதான். நிபந்தனை இரண்டு. பயணம் முடிகிறவரை பெட்டி வீட்டுக்குத் திரும்பக் கூடாது. நடுவில் பூட்டைத் திறக்கக் கூடாது.

விசா கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஆடியைக் கண்டு பயந்த அளவுக்கு அமெரிக்கத் தூதரகத்தைக் கண்டு யாரும் பயப்படவில்லை.

திரும்பி வரும் பாடம்

பயந்தவள் நான் ஒருத்திதான். திருச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த கன்சல்டன்சியில் சேர்ந்தேன். அங்கே இருந்த மேடம் மூன்று தாள்களில் கேள்வி பதில் அச்சடித்துக் கொடுத்தார். வீட்டில் போய் மனப்பாடம் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை வந்து ஒப்பிக்க வேண்டும். நாலாம் வகுப்பில் திருக்குறள் ஒப்பித்ததற்குப் பிறகு நான் கைகட்டி நின்றது அங்கேதான்.

"மத்ததெல்லாம் சும்மா. ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்," என்றார் மேடம். "படிச்சு முடிச்சுட்டுத் திரும்பி வருவியா? நீ அங்கயே தங்கிடுவன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அவங்க ஜன்னலுக்குப் பின்னால ஒக்காந்திருப்பாங்க. இல்ல, வருவான்னு அவங்கள நம்ப வைக்கணும். ஊர்ல உனக்கு என்ன பிடிப்பு இருக்குன்னு காட்டணும். சொல்லு, நெலம் எவ்வளவு?"

"இல்லைங்க மேடம்."

"வீட்டு மனை?"

"குடியிருக்குற வீடு மட்டும்தாங்க."

"அப்பா என்ன பண்றார்?"

"பாடாலூர்ல ஹைவே மேல டயர் கடைங்க. பஞ்சர் ஒட்டுவாங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு 'ஆட்டோமொபைல் பிசினஸ்' என்று எழுதினார்.

நிலம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு என்னவோ செய்தது. எங்கள் தாத்தாவும் அவருடைய அப்பாவும் காலம் பூராவும் குரும்பலூர் மண்ணில்தான் வேலை செய்தார்கள். சோளம் விதைத்தார்கள், பருத்தி எடுத்தார்கள், வெங்காயம் பிடுங்கினார்கள். பட்டா மட்டும் வேறு பெயர்களில் இருந்தது. அந்தப் பெயர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் என்னோடு அதே மாடியில் அதே தாளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊரில் பிடிப்பு இருக்கிறது என்பதற்கு ஏக்கர் கணக்கில் அத்தாட்சி இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை இணைக்க விண்ணப்பத்தில் இடமில்லை.

திருச்சியில் இப்படி "வருவேன், வருவேன்" என்று பயிற்சி எடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஊர் வந்து இறங்கினால், இங்கே நேர்மாறாக ஆசீர்வாதம் செய்வார்கள். "போறது போற, அங்கயே செட்டிலாயிடு பாப்பா. இங்க வந்து என்னத்த பண்ணப் போற?" மளிகைக்கடை அண்ணாச்சி, நான் வேலை பார்த்த லேபின் அட்டெண்டர், வழியனுப்பு விருந்து போட்ட சித்தி, எல்லோரும் இதையே சொன்னார்கள். மாமா ஒருபடி மேலே போனார். "நீ அங்கயே ரோடு போடு தங்கம். இங்க வந்து நல்ல ரோடா போட்டுட்டன்னா ஒங்கப்பன் கடைய மூடணும்."

அப்பா அதற்குச் சிரித்தார். அவர் அப்படிப் போ என்றும் சொல்லவில்லை, இப்படி வா என்றும் சொல்லவில்லை.

நான் இதை எழுதும் ஊரில் இப்போது பனிக்காலம். ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் உப்புக் கொட்டிக்கொண்டு ஒரு வண்டி போகிறது. இங்கே வந்து எட்டு வருடத்துக்கு மேலாகிறது. நடுவில் மூன்று தடவை ஊருக்குப் போயிருக்கிறேன், மூன்று தடவையும் ரிட்டன் டிக்கெட்டோடு. மேடம் படித்தால் வருத்தப்படுவார்.

பூட்டைத் தொடாமல்

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு, சான்றிதழ் ஃபைலைத் தேடினேன். பீரோவில் இல்லை. பரணில் இல்லை.

"அது பத்திரமா இருக்கட்டும்னு பொட்டியிலயே வெச்சுட்டேனே," என்றாள் அம்மா.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கடிதம் வரை எல்லாம் அந்தப் பச்சை ஃபைலில் இருந்தது. அது பயணம் கிளம்பி இரண்டு வாரமாகிவிட்டது. பெட்டியைத் திறந்தால் பயணம் முறிந்துவிடும். திறக்காவிட்டால் பயணமே இல்லை. அம்மாவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

"பூட்டத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. வேற எதையாச்சும் காட்டு."

"வேற எதம்மா காட்டறது? ரேஷன் கார்டையா?"

நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் பெரம்பலூருக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாமா வீடு. கூடத்தில் மைக் ஸ்டாண்டுகளுக்கும் சீரியல் லைட் சுருள்களுக்கும் நடுவில் என் பெட்டி நின்றது. அத்தை அதன்மேல் இஸ்திரித் துணிகளை அடுக்கி வைத்திருந்தார்.

மாமா விஷயத்தைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். ஜிப்பின் நடுவில் முனையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். பல் பிரிந்து பெட்டி வாயைத் திறந்தது. பூட்டு அதன் இடத்திலேயே தொங்கியது. ஃபைலை உருவிக்கொண்டு, பூட்டோடு சேர்த்து ஜிப்பை ஒரு சுற்று இழுத்தார். பெட்டி பழையபடி மூடிக்கொண்டது. இத்தனை நாளாக அந்தப் பூட்டுக்குச் சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்தாள் அம்மா.

"ஒங்கம்மா கேட்டா பூட்டத் தொறக்கலன்னு சொல்லு. நான் எந்தக் கோயில்ல வேணாலும் சத்தியம் பண்றேன்," என்றார் மாமா.

அம்மா கேட்டாள். நான் பூட்டைத் திறக்கவில்லை என்றேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது மேடம் கொடுத்த முதல் தாளில் முதல் வரி.

பக்கத்து ஜன்னல்

சென்னைக்கு நானும் அப்பாவும் போனோம். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்தான். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னதான் தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது. கையைக் கர்ச்சீப்பில் சுற்றி வைத்துக்கொண்டார். அவரை உள்ளே விடவே மாட்டார்கள், வாசலுக்கு எதிரே பிளாட்பாரத்தில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லியும் கேட்கவில்லை.

உள்ளே வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண், பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். அவள் பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது. "படித்து முடித்ததும் தாய்நாடு திரும்பி, வேகமாக வளர்ந்துவரும் எங்கள் நாட்டின் உள்கட்டமைப்பு மேம்பாட்டில் பங்களிப்பேன்." என் பதில்! ஒரு கமா குறையாமல் என் பதில். அவளும் திருச்சி மாடியாக இருக்க வேண்டும்.

என் ஜன்னலில் இருந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். திரும்பி வருவதற்கு ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கு வேறு பதில் தெரியாது. அதையே சொன்னேன். அவர் பக்கத்து ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். அப்பா என்ன செய்கிறார் என்றார். ஆட்டோமொபைல் பிசினஸ் என்றேன். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றார். அது தாளில் இல்லை.

"அப்பா," என்றேன். பிறகு, "அப்பா மட்டும்," என்றேன்.

மூன்று நிமிடத்தில் பாஸ்போர்ட்டோடு ஒரு காகிதத்தைத் தள்ளினார். பக்கத்து ஜன்னல் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெளியே வந்ததும் அப்பா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம். "என்னா போட்டிருக்கு?"

"ஊர்ல எனக்குப் பிடிப்பு இருக்குன்னு அவங்களுக்குத் தோணலையாம்ப்பா. அதனால கெடையாதாம்."

அப்பா அந்தக் காகிதத்தை நாலாக மடித்தார். "பிடிப்பு இல்லாமயா இத்தன தலமொறையா இங்கயே கெடக்கோம்?" என்றார். பஸ் ஏறியதும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். விசா போனதற்கு வந்த அழுகையில்லை. கர்ச்சீப் சுற்றிய அந்தக் கை மடியில் சும்மா கிடந்தது, அதைப் பார்த்துத்தான்.

ஊரில் நான், பயணத்தில் பெட்டி

பல்கலைக்கழகம் நல்ல மாதிரி. ஜனவரிக்கு இடத்தை மாற்றிக் கொடுத்தது. எனக்கு ஐந்து மாதம் கிடைத்தது. உடுத்தத் துணிதான் இல்லை.

நல்லவை எல்லாம் பெட்டியில். வீட்டில் மிச்சமிருந்தது இரண்டு சுடிதார், ஒரு நைட்டி. பெட்டி திரும்பி வரக் கூடாது, திறக்கவும் கூடாது. விசா மறுத்ததற்குப் பூட்டைத் திறந்ததுதான் காரணமாக இருக்கும் என்ற சந்தேகம் அம்மாவுக்கு இருந்ததால், பேனா வைத்தியத்துக்கு மாமாவும் துணியவில்லை. லேபுக்கு அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மாணவர்கள் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

தெருவில் கேட்பார்கள். "பொட்டி போயிருச்சாமே. நீ எப்ப?"

"வரிசையில இருக்கேங்க்கா."

விருந்து போட்ட சித்தி என்னைக் கண்டால் தட்டை எங்கே ஒளிப்பது என்று பார்ப்பது போல இருந்தது. வழியனுப்பிச் சாப்பாடு போட்டவளை மறுபடி "வா, சாப்பிடு" என்று அழைக்க முறையில்லை. தீபாவளிக்கு மாமா வீட்டில் எல்லோருக்கும் புதுத்துணிக்கு மஞ்சள் வைத்தபோது அத்தை பெட்டிக்கும் வைத்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய சுடிதாரில் உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டேன்.

டிசம்பர் மூன்றாம் வாரம் அடுத்த நேர்காணல் தேதி வந்தது. மார்கழி பிறந்திருந்தது. மார்கழியிலும் எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் கிளம்ப மாட்டார்கள். நான் பயந்துகொண்டே அம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன," என்றாள் அம்மா. "பொட்டிதான் ஆனியிலயே கெளம்பிருச்சே."

இரண்டாவது ஜன்னல்

பஸ் ராசியில்லை என்று, இந்த முறை வடக்கே போவதற்குக் கிழக்கே அரியலூர் போய் அங்கிருந்து ரயில் ஏறினேன். துணைக்கு மாமா வந்தார். அப்பா வரவில்லை. கடையை அடிக்கடி மூட முடியாது என்றார். போன தடவை தன்னால்தான் கெட்டது என்று நினைக்கிறாரோ என்று எனக்கு உறுத்தியது.

மேடத்தின் மூன்று தாள்களை நான் எடுத்துப் போகவில்லை. பெரிய துணிச்சல் எல்லாம் இல்லை. அதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

இந்த முறை ஜன்னலில் ஓர் அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. போன முறைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார்.

"வகுப்புத் தேதி மாறியிருக்கிறது. வேறு எதுவும் மாறவில்லை."

"அப்பா என்ன செய்கிறார்?"

"நெடுஞ்சாலையில் டயர் பழுதுபார்க்கிறார்."

"படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்களா?"

"வருவேன்," என்றேன்.

அதைச் சொன்னபோது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. உண்மை சொல்வதாகவும் தோன்றவில்லை. பல மாதம் ஒப்பித்த பதிலுக்கு அந்த வசதி உண்டு. அம்மாள் ஏதோ தட்டச்சு செய்தார். பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு, வாழ்த்துகள் என்றார். அதே நான், அதே ஃபைல், அதே இல்லாத நிலம். அப்போது ஏன் கிடைக்கவில்லை, இப்போது ஏன் கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அரியலூர் ஜோசியரைக் கேட்டால் அவரிடம் ஒரு காரணம் இருக்கும்.

உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் எதிர்ப்பக்கம் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்தே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. பிளாட்பாரத்தில் நின்று கையை உயர்த்திக் கூவினார். போனைப் பிடுங்கி அப்பாவைக் கூப்பிட்டேன்.

"சொல்லு பாப்பா." பின்னால் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

"கெடச்சிருச்சுப்பா."

கம்ப்ரசர் நின்றது. "என்னாண்ணே, ஆஃப் பண்ணிட்டீங்க?" என்று ஒரு லாரிக்காரர் குரல் கேட்டது. "இருங்க தம்பி, எம் பொண்ணு பேசுது," என்றார் அப்பா. சந்தோஷத்தில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"என்னா கேட்டாங்க?"

"ஒங்களப் பத்தித்தான் கேட்டாங்க. டயர் வேலைன்னேன்."

"அதையா சொன்ன!" சிரித்தார். "பொறவு?"

"படிச்சு முடிச்சுட்டுத் திரும்பி வருவியான்னாங்க."

"நீ என்னா சொன்ன?"

"வருவேன்னேன்."

"இன்னும் ஒரு நிமிசம் தம்பி," என்றார் லாரிக்காரரிடம்.

"அது அவங்களுக்குச் சொன்னதா பாப்பா," என்றார் அப்பா, "இல்ல நெசமாவா?"

"அப்பா, சிக்னல் சரியில்ல. ஒண்ணும் கேக்கல," என்றேன்.

"சரி சரி. பத்திரமா வா."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவர் போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததுகூட எனக்குக் கேட்டது.